மறுக்கப்பட்ட அநுமதி

உள்ளடக்க நிர்வாக மென்பொருள்களுள் இன்று மிகப் பரவலாக வழங்கும் வேர்ட்பிரஸை ஒரு சர்வரில் நிறுவ முற்படுகிறவர், கோப்புகளையெல்லாம் உரிய இடத்தில் சேர்த்து, கேட்கப்பட்ட விவரங்களை நிரப்பி, பொத்தானை அழுத்திவிட்டு ஆவலோடு காத்திருக்கும் தறுவாயில், ‘தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுத்துவதில் பிழை’ என்னும் வாக்கியம் வெள்ளைத் திரையில் வந்து நிற்பது மிகச் சாதாரணமான அநுபவம். அதைக் கண்டவுடன் கடவுச்சொல்லில்தான் கோளாறு என்று தீர்மானித்து, அதே சொல்லை மறுபடியும் மறுபடியும் தட்டிப் பார்ப்பதும், அதில் பயனில்லாதபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆதியிலிருந்து தொடங்குவதும் பலருடைய வழக்கம். இரண்டும் வீண் சிரமம். தரவுத்தளம் ஒருவரை உள்ளே விடுவதற்கு முன்னர் அவருடைய பெயரையும், அவர் வருகிற இடத்தையும், அவர் கொண்டுவரும் ரகசியத்தையும், அந்த ரகசியத்தை நிரூபிக்கும் முறையையும் சேர்த்தே பரிசீலிக்கிறது. இந்த நான்கில் எது பிசகினாலும் வாசலில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். கடவுச்சொல்லை மட்டும் சந்தேகித்துக்கொண்டிருப்பவர் மற்ற மூன்றையும் பாராமலே விட்டுவிடுகிறார்.

இந்தச் சிக்கலின் வேர், நிறுவப்படுவது ஒன்றல்ல, இரண்டு என்பதில் இருக்கிறது. மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைபிரித்து 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட வேர்ட்பிரஸ், பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல்தொகுதி. கட்டுரைகளையும் பயனர்களையும் அமைப்புகளையும் அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அவற்றையெல்லாம் காப்பது, 1995இல் ஸ்வீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம். அல்லது, அதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் அதிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்த மரியாடிபி. (மை, மரியா இரண்டுமே அவருடைய புதல்வியரின் பெயர்கள்.) நிரலும் தரவுத்தளமும் ஒரே இயந்திரத்தில் ஓடினாலும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை, தரவுத்தளத்தின் பார்வையில் வேர்ட்பிரஸ் என்பது தன் வாசலில் வந்து நிற்கும் எத்தனையோ வாடிக்கை நிரல்களுள் ஒன்றேயன்றி விசேஷ உரிமை எதுவும் உடையதன்று.

நிறுவும்போது வேர்ட்பிரஸ் ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளம் இருக்கும் ஹோஸ்ட், அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டு. இங்கே கேட்கப்படும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எவை என்பதிலேயே முதல் தடுமாற்றம் நிகழ்கிறது. ஹோஸ்டிங் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. சர்வருக்குள் நுழைய ஒன்று உண்டு. தரவுத்தளத்தின் தலைமைப் பயனரான ரூட்டுக்கு ஒன்று உண்டு. நிறுவிய பின்பு வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கென்று ஒன்று உருவாகப்போகிறது. இவற்றுள் எதுவும் இங்கே வேண்டியதன்று. இந்த ஒரு தளத்துக்காகத் தரவுத்தளத்தில் தனியே படைக்கப்பட்ட பயனரின் கடவுச்சொல்லே வேண்டியது. அப்படி ஒரு பயனரைப் படைக்காமலே நிறுவத் தொடங்கியவர் எந்தச் சொல்லைத் தட்டினாலும் கதவு திறக்காது.

நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லுக்கும் தரவுத்தளக் கடவுச்சொல்லுக்கும் இடையே அடிப்படையான ஒரு பேதம் இருக்கிறது. முன்னதை வேர்ட்பிரஸ் சோதிக்கிறது. பின்னதை வேர்ட்பிரஸ் சமர்ப்பிக்கிறது. சோதிப்பவனுக்கு மூலச்சொல் தேவையில்லை, அதன் சுவடு போதும். சமர்ப்பிப்பவனுக்கோ மூலச்சொல்லே கையில் இருந்தாக வேண்டும். ஆகையால்தான் முன்னது உருத்தெரியாத ஹாஷ் வடிவில் அட்டவணையில் கிடக்க, பின்னது டபிள்யூபி-கான்ஃபிக் என்னும் கோப்பில் யாரும் படிக்கக்கூடிய தெளிவான எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கண்டு திகைப்பவர் உண்டு. ஆனால் இதில் அலட்சியம் எதுவும் இல்லை; மனிதன் அருகில் இல்லாத நள்ளிரவிலும் ஒவ்வொரு பக்கத்தையும் வழங்குவதற்காகத் தானே வாசலில் போய் நின்று தன்னை நிரூபிக்க வேண்டிய நிரலுக்கு வேறு வழி எளிதாக இல்லை.

கடவுச்சொல்லை ஹாஷாக மாற்றி வைக்கும் இந்த வழக்கமே ஒரு விபத்தின் சரித்திரத்திலிருந்து பிறந்தது எனலாம். பல பேர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் செய்து காட்டிய பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் அளித்து, அவற்றையெல்லாம் உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தனர். அந்தப் பத்தாண்டிலேயே ஒரு நாள், திருத்தும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்துவந்த காரணத்தால், அன்றைய அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொற் கோப்பும் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வெளிவந்தன. மூலச்சொல்லைச் சேமிக்காமல், அதை ஒருவழிக் கணக்கீட்டுக்கு உட்படுத்தி விளைவை மட்டும் வைத்துக்கொள்ளும் உபாயத்தைக் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் 1960களின் பிற்பகுதியில் கண்டார். யூனிக்ஸ் முறையில் அது எவ்வாறு முதிர்ந்தது என்பதை ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை விவரிக்கிறது.

மைஎஸ்க்யூஎல் இந்த மரபையே இன்னும் ஒரு படி நுட்பமாகக் கையாளுகிறது. அது நெடுங்காலம் பயன்படுத்திய முறையில், கடவுச்சொல்லை எஸ்எச்ஏ-1 என்னும் கணக்கீட்டுக்கு இருமுறை உட்படுத்திக் கிடைக்கும் சுவடு மட்டுமே சர்வரிடம் இருக்கிறது. வாடிக்கை நிரல் வாசலுக்கு வந்ததும், சர்வர் அந்தத் தருணத்துக்கென்று 20 பைட் நீளமுள்ள, முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண்ணை உற்பத்தி செய்து அனுப்புகிறது. வாடிக்கை நிரல் அந்த எண்ணையும் தன் கடவுச்சொல்லையும் கலந்து கணக்கிட்ட ஒரு விடையைத் திருப்பி அனுப்புகிறது. தன்னிடமுள்ள சுவட்டைக்கொண்டு அந்த விடை சரிதானா என்று சர்வர் பார்த்துக்கொள்கிறது. கடவுச்சொல் கம்பி வழியே போவதே இல்லை. அரைத்த மாவிலிருந்து தானியத்தை மீட்க முடியாததுபோலச் சுவட்டிலிருந்து மூலச்சொல்லை எவரும் நேரே திருப்பிப் பெற முடியாது. ஓர் எழுத்து மாறினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். ‘கிட்டத்தட்ட சரி, கடைசி எழுத்துதான் தவறு’ என்று சர்வர் சொல்லாதிருப்பது பிடிவாதத்தினால் அன்று. அதை அறியும் சக்தியே அதற்கு இல்லை. மறந்த கடவுச்சொல்லை நிர்வாகியிடம் கேட்டால், அவர் புதிதாக ஒன்றை அமைத்துத் தருகிறாரேயல்லாது பழையதை எடுத்துத் தருவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

இனி, மறுப்புச் செய்தியையே அருகில் வைத்துப் படிப்போம். வேர்ட்பிரஸின் வெள்ளைத் திரை அதை மறைத்துவிடுகிறது. கான்ஃபிக் கோப்பில் பிழை காட்டும் அமைப்பைத் தற்காலிகமாக இயக்கினால், தரவுத்தளம் சொன்ன வார்த்தைகளே வெளிவரும். பயனரின் பெயர் மலர் என்று வைத்துக்கொண்டால், 1045 என்னும் எண்ணுடன், ‘மலர்@லோக்கல்ஹோஸ்ட் என்ற பயனருக்கு அநுமதி மறுக்கப்பட்டது; கடவுச்சொல் பயன்பட்டது: ஆம்’ என்ற பொருளில் ஒரு வரி. இந்த ஒரு வரியில் மூன்று சாட்சியங்கள் உள்ளன. முதலாவது பெயர்: நாம் கோப்பில் எழுதியதாக நினைத்த பெயர்தானா அது? இரண்டாவது, @ குறிக்குப் பின்னால் இருக்கும் இடம். மூன்றாவது, கடைசியில் வரும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. ‘இல்லை’ என்று இருக்குமாயின், சொல் சரியா தவறா என்ற விசாரணைக்கே இடமில்லை. வாடிக்கை நிரல் எந்தக் கடவுச்சொல்லையும் கொண்டுவரவில்லை. கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது, அல்லது அந்த வரி காலியாக இருக்கிறது, அல்லது திருத்தியதைச் சேமிக்க மறந்திருக்கிறோம். இந்தச் சிறு சொல்லைக் கவனியாமல் மணிக்கணக்கில் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர்களைக் காண மனம் வருந்துகிறது.

இடம் என்னும் அம்சமே இந்த விஷயத்தில் மிகுந்த கவனத்துக்கு உரியது. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு கணக்கு என்பது பெயர் மட்டும் அன்று; பெயரும் ஹோஸ்டும் சேர்ந்த இணையே கணக்கு. லோக்கல்ஹோஸ்டிலிருந்து, அதாவது சர்வர் ஓடும் அதே இயந்திரத்திலிருந்து, வரும் மலரும், வேறோர் இயந்திரத்திலிருந்து வரும் மலரும், எங்கிருந்தும் வரலாம் என்று % குறியிட்டு அமைக்கப்பட்ட மலரும் தரவுத்தளத்துக்கு மூன்று வேறு நபர்கள். மூவருக்கும் மூன்று கடவுச்சொற்கள் இருக்கலாம். ஒருவர் மூன்றாம் மலருக்குக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு முதல் மலராக நுழைய முயன்றால், அவர் தட்டுகிற சொல் அவர் அறிந்தவரையில் முற்றிலும் சரியாக இருந்தும் மறுப்பே கிடைக்கும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. பல கணக்குகள் பொருந்தும்போது, சர்வர் இடம் எதில் மிகக் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே முதலில் எடுத்துக்கொள்கிறது. பெயரைப் பின்னரே பார்க்கிறது. 5.7க்கு முந்தைய பதிப்புகள் நிறுவும்போதே லோக்கல்ஹோஸ்டுக்குப் பெயரற்ற ஓர் அநாமதேயக் கணக்கையும் படைத்துவிடும். அது மீந்திருக்கும் சர்வரில், % குறியுடைய மலர் அதே இயந்திரத்திலிருந்து வந்தால், அவருடைய சொந்தக் கணக்குக்கு முன்னால் அநாமதேயக் கணக்கு பொருந்திவிடுகிறது. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. மலர் கொண்டுவந்த சரியான சொல் அங்கே தவறாகிறது. வெளியூரிலிருந்து நுழைய முடிகிறது, உள்ளிருந்து முடியவில்லை என்று ஒருவர் குழம்பினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அநாமதேயரையே. அவரை நீக்கிவிட்டால் காரியம் முடிந்தது.

லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் 127.0.0.1 என்ற எண்ணும் ஒன்றே என்று நாம் எண்ணுவது இயல்பு. யூனிக்ஸ் வகை இயந்திரங்களில் அவ்வாறு அன்று. முன்னதை எழுதினால் பிஎச்பி வலையமைப்பை நாடாமல், சாக்கெட் எனப்படும் ஒரு விசேஷக் கோப்பின் வழியாகப் பேசுகிறது. பின்னதை எழுதினால் 3306ஆம் போர்ட் வழியாக டிசிபி இணைப்பில் பேசுகிறது. எண்ணின் வழியே வருபவரையும் சர்வர் சாதாரணமாகப் பெயர் தேடி லோக்கல்ஹோஸ்ட் என்று அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் வேகத்துக்காக அந்தப் பெயர்த் தேடலை நிறுத்தி வைத்திருக்கும் சர்வர்களில், லோக்கல்ஹோஸ்டுக்கென்று படைத்த கணக்கு எண்ணின் வழியே வருபவருக்குப் பொருந்தாது.

டாக்கர் கொள்கலன்களுக்குள் நிறுவுகிறவர்களுக்கு இதே விஷயம் வேறு உருவில் வருகிறது. அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது வேர்ட்பிரஸ் ஓடும் கொள்கலனையே குறிக்கும். தரவுத்தளம் இருப்பதோ பக்கத்துக் கொள்கலனில். ஆகவே ஹோஸ்ட் என்ற இடத்தில் அந்தச் சேவையின் பெயரைத்தான் எழுத வேண்டும். இன்னொன்று, அமைப்புக் கோப்பில் எழுதும் கடவுச்சொல் தரவுத்தளத்தின் வால்யூம் காலியாக இருக்கும் முதல் ஓட்டத்தில் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிற்பாடு கோப்பில் சொல்லை மாற்றி எத்தனை முறை நிறுத்தி ஓட்டினாலும், தரவுத்தளம் பழைய சொல்லையே காத்துக்கொண்டிருக்கும்; வேர்ட்பிரஸ் மட்டும் புதிய சொல்லுடன் போய் நிற்கும்.

ரூட் பயனரையே வேர்ட்பிரஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று கருதுவோருக்கு உபுண்டு ஒரு தடை வைத்திருக்கிறது. அந்தத் தடையை நான் மனமார வரவேற்கிறேன். அங்கே ரூட்டின் அடையாளம் கடவுச்சொல்லால் நிரூபிக்கப்படுவதில்லை. இயங்குதளத்திலும் ரூட்டாக இருப்பவரே தரவுத்தளத்திலும் ரூட் என்று சாக்கெட் மூலம் சரிபார்க்கப்படுகிறது. நிர்வாகி சுடோ கட்டளையுடன் நுழைந்தால் கடவுச்சொல்லே கேட்காமல் வழிவிடும் அதே சர்வர், வேறு பயனராக ஓடும் பிஎச்பி ரூட் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் எந்தச் சொல்லுக்கும் இணங்காது. அப்போது வரும் எண் 1045 அன்று, 1698. இந்த எண்ணைக் கண்டவருக்கு, ரூட்டின் கடவுச்சொல்லைத் தேடி அலையாமல், தளத்துக்கென்று ஒரு தனிப் பயனரைப் படைத்து, அந்த ஒரு தரவுத்தளத்தின் மீது மட்டும் உரிமை அளிப்பதே நேரான வழி. ஒரு தளத்தில் புகுந்த தீயவன் மற்றத் தளங்களையும் சூறையாடாமல் தடுப்பதும் அதுவே.

கடவுச்சொல்லே உண்மையில் தவறிப்போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றுள் பல, தட்டுகிறவரின் விரல் பிசகால் அல்லாமல் எழுத்துக்களின் சுபாவத்தால் நேர்பவை. கான்ஃபிக் கோப்பில் கடவுச்சொல் ஒற்றை மேற்கோள்களுக்கு இடையே நிற்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் ஒற்றை மேற்கோள் இருந்தால் பிஎச்பி அங்கேயே சொல் முடிந்துவிட்டதாகக் கொள்கிறது. சொல் பின்சாய்கோட்டில் முடிந்தால், மூடும் மேற்கோளையும் அது சொல்லின் பகுதியாக விழுங்கிவிடுகிறது. நிறுவும் திரையில் நிரப்பினால் வேர்ட்பிரஸ் இவற்றைத் தானே சரிசெய்து எழுதிக்கொள்ளும். கையால் திருத்துகிறவருக்குத்தான் இந்த ஆபத்து. ஒருவர் ஒற்றை மேற்கோளை இரட்டையாக மாற்றிவிட்டால் நிலைமை இன்னும் நுட்பமாகிறது: இரட்டை மேற்கோளுக்குள் $ குறியைத் தொடர்ந்து எழுத்துக்கள் வந்தால் பிஎச்பி அதை ஒரு மாறியின் பெயராகக் கருதி, அப்படியொரு மாறி இல்லாததால், அந்தத் துண்டையே மறையச் செய்துவிடும். கோப்பில் 16 எழுத்துள்ள சொல் கண்ணுக்குத் தெரிகிறது. சர்வரைச் சென்றடைவது அதன் பாதி. டாக்கரின் அமைப்புக் கோப்பிலும் $ குறியை இருமுறை எழுதினால்தான் ஒன்றாகக் கொள்ளப்படும். கடிதம் எழுதும் மென்பொருளில் குறித்து வைத்த சொல்லை வெட்டி ஒட்டும்போது, நேரான மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாக மாறுவதும், ஈற்றில் ஓர் இடைவெளி கண்ணுக்குப் புலப்படாமல் ஒட்டிக்கொண்டு வருவதும் அன்றாடம் நிகழ்பவை. ஆகவே, தளத்தின் தரவுத்தளப் பயனருக்கு எழுத்துக்களும் எண்களும் மட்டும் கலந்த நீண்ட கடவுச்சொல்லை அமைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பலம் நீளத்தால் வருகிறது. விசித்திரக் குறிகளால் வருவதைவிட அது நிம்மதியானது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், நிரூபிக்கும் முறையில் பேதம் இருக்கலாம். மைஎஸ்க்யூஎல் தன் முறையை இருமுறை மாற்றியிருக்கிறது. 2004இல் வந்த 4.1ஆம் பதிப்பில் சுவட்டின் நீளம் 16 எழுத்திலிருந்து 41 எழுத்தாக வளர்ந்தபோது, பழைய வாடிக்கை நிரல்கள் திடீரென்று வாசலில் நின்றன. 2018இல் வந்த 8.0ஆம் பதிப்பு, எஸ்எச்ஏ-2 குடும்பத்தைச் சேர்ந்த வலிமையான முறையை இயல்பான முறையாக ஏற்றுக்கொண்டபோது அதே வரலாறு திரும்பியது: அக்காலத்துப் பிஎச்பி அந்த முறையை அறியவில்லை, 2019இன் இறுதியில் வந்த பிஎச்பி 7.4தான் அதை முழுமையாகக் கற்றுக்கொண்டது. அப்போது வரும் செய்தி, சர்வர் கேட்கும் முறை தனக்குத் தெரியாது என்று வாடிக்கை நிரலே சொல்வதாக இருக்கும். அந்தப் பயனரைப் பழைய முறைக்கு மாற்றிக்கொள்வது அன்று எல்லாரும் கையாண்ட மருந்து. இன்று அதைச் சிபாரிசு செய்ய இயலாது. 2024இல் வந்த 8.4 பழைய முறையை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது, அதே ஆண்டில் வந்த 9.0 அதை அறவே நீக்கிவிட்டது. பிஎச்பியைப் புதுப்பிப்பதே நிலையான பரிகாரம்.

கடவுச்சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாத மறுப்புகளும் உண்டு. 2002 என்ற எண் வந்தால் சர்வர் ஓடவில்லை, அல்லது சாக்கெட் நாம் தேடும் இடத்தில் இல்லை. 1044 வந்தால் பயனர் உள்ளே வந்துவிட்டார், அந்தத் தரவுத்தளத்தின் மீது அவருக்கு உரிமை அளிக்கப்படவில்லை. 1049 வந்தால் அந்தப் பெயரில் தரவுத்தளமே இல்லை; ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிபேனல் போன்ற பலகைகள், நாம் வைக்கும் பெயருக்கு முன்னால் கணக்கின் பெயரையும் அடிக்கோட்டையும் தாமே சேர்த்துவிடுவதால், முழுப் பெயரைத் தட்டாதவருக்கு இதுவோ முந்தைய எண்ணோ நேரலாம். அதே பலகையில், பயனரையும் தரவுத்தளத்தையும் தனித்தனியே படைத்த பிறகு, பயனரைத் தரவுத்தளத்தோடு சேர்க்கும் மூன்றாவது படியை விட்டுவிடுவது மிகச் சாதாரணம். ‘தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை’ என்று வேர்ட்பிரஸ் சொல்லுமானால் அது நற்செய்தி. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டுவிட்டன என்பதே அதன் பொருள்.

எங்கே பிசகு என்று தெரியாதபோது, வேர்ட்பிரஸை நடுவிலிருந்து விலக்கிவிட்டு, அதே இயந்திரத்திலிருந்து, அதே பெயரும் சொல்லும் ஹோஸ்டும் கொண்டு, மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைவரி நிரலின் வழியே நாமே நுழைந்து பார்ப்பதுதான் மிகச் சுருக்கமான பரீட்சை. நுழைய முடிந்தால் கணக்கு சரி, கோளாறு கான்ஃபிக் கோப்பிலோ பிஎச்பியிலோ. முடியாவிட்டால் கோப்பைத் தொட வேண்டியதே இல்லை. இந்தப் பரீட்சையிலும் ஒரு கண்ணி உண்டு: கடவுச்சொல்லைக் குறிக்கும் -பி என்ற சுருக்கத்துக்குப் பின் இடைவெளி விட்டுச் சொல்லை எழுதினால், நிரல் அதைத் தரவுத்தளத்தின் பெயராக எடுத்துக்கொண்டு கடவுச்சொல்லைத் தனியே கேட்கும். சொல்லை எழுதாமல் விட்டு, கேட்கும்போது தட்டுவதே நல்லது. கட்டளை வரலாற்றிலும் அது பதிவாகாது.

வழி திறந்தவுடன், பிழை காட்டும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். கான்ஃபிக் கோப்பைப் பிற பயனர்கள் படிக்காதவாறு அதன் அநுமதிகளைக் குறுக்க வேண்டும். விரும்பினால் அதைத் தளத்தின் கோப்புறைக்கு ஒரு படி மேலே வைக்கலாம். வேர்ட்பிரஸ் அங்கேயும் தேடும். சோதனையின்போது கடவுச்சொல்லைக் கடிதத்திலோ திரைப்பிடிப்பிலோ எவருக்கேனும் காட்டியிருந்தால் அதை மாற்றியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் இதைச் செய்ய மைஎஸ்க்யூஎல் 8.0.14ஆம் பதிப்பிலிருந்து ஒரு வசதி இருக்கிறது: புதிய சொல்லை அமைக்கும்போதே பழையதையும் செல்லுபடியாக வைத்துக்கொள்ளும்படி கட்டளையிடலாம். இரண்டு சொற்களும் ஏற்கப்படும் அந்த இடைக்காலத்தில் கான்ஃபிக் கோப்பைத் திருத்தி, தளம் தடையின்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு பழைய சொல்லை நீக்கும்படி இன்னொரு கட்டளை இட்டால் போதும்.